செலின் மொழிபெயர்க்காத வசனம்

எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊர் உறைந்து கிடந்தது. ஊரைச் சுற்றிலும் வெட்டைவெளி. காற்றை மறிக்க ஒரு மேடுகூடக் கிடையாது. விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் புறப்பட்டால் கார்க் கண்ணாடியில் இறுகியிருக்கும் பனியைச் சுரண்டவே கால் மணித்தியாலம் பிடிக்கும். அந்த ஊரில் அப்போது கார் வைத்திருந்த தமிழர் இரண்டே பேர், அதில் நான் ஒருவன். பஸ் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காத இடம் என்பதால், எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தில் யாருக்குப் பல்லுக்கொதி வந்தாலும், யாருக்குக் கொமூன் என்ற நகரசபைக் கந்தோரில் அலுவல் இருந்தாலும், ‘மகேந்திரண்ணை’ என்று என் கதவைத்தான் தட்டுவார்கள். என் மனைவி தவமணி கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். தனியே வீட்டுக்குள் இருப்பதைவிட யாரையாவது ஏற்றி இறக்குவது எனக்கும் ஆறுதலாக இருந்தது.

எனக்கு நேர் மேல்வீட்டில் கிறிஸ்துராஜாவும் இன்பமலரும் இருந்தார்கள். ஒரே மகள் மேரிசெலின், பதினொரு வயது. கிறிஸ்துராஜா முன்னதாக வந்தவன். தாயும் மகளும் பின்னால் வந்து சேர்ந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. வந்த நாலாம் மாதமே இன்பமலருக்குக் கோழித் தொழிற்சாலையில் இடம் கிடைத்ததால் மொழிப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டாள். கிறிஸ்துராஜாவுக்கு பிளாஸ்ரிக் குழாய் வார்க்கும் தொழிற்சாலையில் மெஷின் பேசும் டேனிஷ் மட்டும் தெரியும். இன்பமலரின் கோழித் தொழிற்சாலையிலேயே வேலை செய்த என் நிலைமையும் அதுதான். கத்தி, கொக்கி, கையுறை, இடைவேளை, மேலதிக நேரம் என்பவற்றுக்கு டேனிஷில் என்ன என்று கேட்டால் சொல்லுவேன். அதற்கு மேலே போனால் சிரித்துச் சமாளிப்பேன்.

ஆகவே அந்த வீட்டின் வாய் செலின்தான். கொமூன் அனுப்பும் கடிதம், கரண்ட் பில், வீட்டுக் கந்தோர், பல் டொக்டர் எல்லாவற்றுக்கும் அவள் நடுவில் நிற்பாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்ட நாளில் அவளைப் பற்றி ரீச்சர் ஐந்து நிமிடம் புகழ்ந்து பேசியிருக்கிறார். செலின் திரும்பி, “பரவாயில்லையாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். தாயும் தகப்பனும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நாங்கள் எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றோம். அப்படித்தான் நினைத்தோமே தவிர, அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

தொழிற்சாலையில் இன்பமலருக்குப் பக்கத்தில் நின்றவள் எலியானா. சிலி நாட்டுக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும், கட்டையான, தடித்த உருவம். அவளுடைய புருசன் அங்கே துறைமுகத் தொழிற்சங்கத்தில் இருந்து, சிறைக்குப் போய், உயிரோடு வெளியே வந்தவன். எழுபத்தைந்தில் எட்டு வயது மகனையும் கொண்டு மூன்று பேருமாக டென்மார்க்குக்கு வந்தார்கள். புருசன் செத்து நாலு வருடம். மகன் றொட்ரிகோ ஓகூஸ் பட்டணத்தில் இருந்தான், வருடத்தில் இரண்டு தரம் வருவான். அவளும் எங்கள் கட்டடத்தில்தான் கீழ்த்தளத்தில் குடியிருந்தாள்.

கொக்கிகளில் தொங்கிக்கொண்டு கோழிகள் வரும். ஈரலையும் இதயத்தையும் பிரித்துத் தட்டில் போடுவது இந்த இரண்டு பெண்களின் வேலை. கை விறைக்கும் தண்ணீர், காது அடைக்கும் சத்தம். அதற்குள்ளும் அவர்கள் கதைத்துக்கொள்வார்கள். இன்பமலரிடம் இருந்தது ஒரு முந்நூறு டேனிஷ் சொல். எலியானா பத்து வருடமாகத் தப்பும் தவறுமாகப் பேசிப் பழகிய டேனிஷ். டேனிஷ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் இரண்டும் விளங்கியிராது. அவர்களுக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் எலியானா இறைச்சி வைத்து மடித்துச் சுடும் எம்பனாடா மேல்வீட்டுக்குப் போகும். மேல்வீட்டிலிருந்து மிளகாய்த்தூள் போட்ட மீன்குழம்பு கீழே வரும்.

அந்த மாசியில் இன்பமலருக்கு வயிற்றில் ஏழு மாதம் முடிந்திருந்தது. பிறக்கப்போவது தம்பிதான் என்று செலின் முன்கூட்டியே முடிவு செய்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவள் தன் வயிற்றைத் தொட்டு எலியானாவிடம், “நித்திரை. கனநேரம் நித்திரை” என்றிருக்கிறாள். எலியானா உடனே கையுறையைக் கழற்றிப்போட்டுவிட்டு மேற்பார்வையாளரின் கந்தோருக்குப் போய் ரெலிபோன் எடுத்து மருத்துவிச்சியுடன் பேசினாள். மறுநாள் காலை பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள்.

கிறிஸ்துராஜாவை வேலையில் நிரந்தரமாக்குமுன் பார்க்கும் மூன்று மாதப் பரீட்சைக் காலம் இன்னும் முடியவில்லை. லீவு கேட்கப் பயந்தான். ஆகவே நானே லீவு போட்டுவிட்டு இன்பமலரையும் செலினையும் ஏற்றிக்கொண்டு போனேன். முக்கால் மணித்தியால ஓட்டம். செலின் அன்று பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பைத் தவறவிட்டதைப் பற்றி வழியெல்லாம் முறையிட்டுக்கொண்டு வந்தாள்.

பெண்களின் பகுதி என்றதால் நான் வெளியே நடைபாதையில் இருந்தேன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு கதவு திறந்தது. முதலில் செலின் வந்தாள். பின்னால் வந்த தாதி இன்பமலரின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல மனிசர் என்று நினைத்துக்கொண்டேன். என்னவாம் என்று கேட்டேன். “திங்கக்கிழமை வரட்டாம், மாமா. நிண்டு போற மாதிரி உடுப்பும் கொண்டு வரட்டாம். தம்பி கொஞ்சம் களைச்சுப்போனாராம். அவை பார்ப்பினமாம்” என்றாள் செலின். வசனம் பிசகாமல் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் செலின் நீச்சல் வகுப்பின் பேச்சை எடுக்கவில்லை. பாதித்தூரத்தில் காரை நிற்பாட்டச் சொன்னாள். இறங்கி, வரம்போரப் பனியில் சத்தி எடுத்தாள். கார் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நான் நினைத்தேன். இன்பமலர் தன் பாரத்தையும் பிடித்துக்கொண்டு இறங்கி, மகளின் நெற்றியை உள்ளங்கையால் தாங்கி, பனியை அள்ளி அவளுடைய வாயைத் துடைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள் இன்பமலர். கிறிஸ்துராஜா மேலதிக நேர வேலைக்குப் போயிருந்தான். சோறும், பெட்டியில் வாங்கிய கொட் மீனில் வைத்த குழம்பும். செலின் தாயைக் கோப்பை கழுவ விடவில்லை, கதிரை இழுக்கவும் விடவில்லை. சாப்பாடு முடிந்ததும் இன்பமலர் ஒரு பெரிய தம்ளர் பாலைச் சூடாக்கி, “இது தம்பிக்கு” என்று மகளைப் பார்த்துச் சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தாள். செலின் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஊத்தை உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு நிலக்கீழ் அறைக்குத் தோய்க்கப் போனாள்.

நான் என் வீட்டுக்கு இறங்கி வந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். எலியானா கதவைத் தட்டினாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. தோய்க்கும் மெஷின்களுக்குப் பின்னால் செலின் குந்தியிருந்ததைக் கண்டிருக்கிறாள். என்ன என்று கேட்டதும் பிள்ளை எல்லாவற்றையும் டேனிஷில் கொட்டிவிட்டது. டொக்டர் சொன்னது இதுதான்: குழந்தையின் இதயம் அடிக்கவில்லை. குழந்தை உயிரோடு இல்லை. திங்கட்கிழமை மருந்து கொடுத்து அதைப் பிறக்கவைக்க வேண்டும். இதையெல்லாம் அம்மாவிடம் சொல் என்று அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அது திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, தம்பி களைச்சுப்போனாராம் என்று சொல்லியிருக்கிறது. இன்பமலர் அழாமல் இருந்ததைப் பார்த்து, உன் அம்மா மிகவும் தைரியசாலி என்று டொக்டர் செலினிடம் பாராட்டினாராம்.

யார் இன்பமலரிடம் சொல்வது என்று எலியானா கேட்டாள். நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பயமாக இருந்தது. நான் ஆம்பிளை, புருசன்காரன் வரட்டும், அவன் சொல்லுவதுதான் முறை என்றெல்லாம் கை காட்டிக் காட்டிச் சொன்னேன். அவள் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, “நீ பெரிய ஆள். அவள் சின்னப்பிள்ளை. இரண்டு நாளாக இதை அவள் சுமந்துவிட்டாள்” என்றாள். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவளோடு படியேறினேன்.

இன்பமலர் குசினி மேசையில் சின்னக் கம்பளிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள். எனக்கு வாய் வரவில்லை. “தங்கச்சி” என்று தொடங்கினேன். அவள் என்னைச் சொல்ல விடவில்லை.

“எனக்குத் தெரியும் அண்ணை” என்றாள். “புதன்கிழமையில இருந்து ஒரு அசைவும் இல்ல. வயித்தில வச்சிருக்கிற எனக்குத் தெரியாதே? டொக்டர் செலினைப் பாத்துக் கதைக்கேக்க அவளின்ர கழுத்து நரம்பைப் பாத்தனான். பேந்து வழியில சத்தி எடுத்தவள். அதோட விளங்கிப்போச்சு.”

பிறகு ஏன் பால் குடித்தாய் என்று நான் கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

“அவள் எனக்காக மறைக்கிறாள். நான் அழுதால், தான் மறைச்சது சரிவரேல்ல எண்டு நினைப்பாள். திங்கக்கிழமை வரைக்கும் பிள்ளையின்ர மனம் ஆறட்டும் எண்டு இருந்தனான்.”

அதை நான் எலியானாவுக்கு என் ஓட்டை டேனிஷில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவள் இன்பமலருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு அவள் பேசியது முழுவதும் எனக்கு விளங்கியது. இன்பமலருக்கு விளங்காத இடங்களை நான் தமிழில் சொன்னேன்.

“என் மகனுக்கு அப்போது எட்டு வயது” என்றாள். “வந்து ஆறு மாதத்தில் டேனிஷ் பேசினான். டொக்டர் கேட்டார், சிறையில் உன் அப்பாவுக்கு என்ன செய்தார்கள் என்று. அப்பா சொன்னார். அவன் டேனிஷில் சொன்னான். ஒவ்வொன்றாகச் சொன்னான். வீட்டுக்கு வந்து பாண் சாப்பிட்டான், பந்து விளையாடப் போனான். சின்னப்பிள்ளை, விளங்கியிருக்காது என்று நினைத்தேன். அவன் எனக்காக ஒன்றும் சொல்லவில்லை. நான் அவனுக்காக ஒன்றும் கேட்கவில்லை. பத்து வருடம் ஒரே மேசையில் அப்படிச் சாப்பிட்டோம். இப்போது நான் ஸ்பானிஷில் கேட்டால் அவன் டேனிஷில் பதில் சொல்கிறான். நீ திங்கட்கிழமை வரை காத்திருக்காதே. இப்போதே பிள்ளையைக் கூப்பிடு.”

இன்பமலர் எழுந்தாள். அந்தப் பாரத்தோடு மூன்று மாடிப் படியையும் இறங்கி நிலக்கீழ் அறைக்குத் தானே போனாள். கையைப் பிடிக்கப் போன என்னை வேண்டாம் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றுகொண்டோம். மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் செலின் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். தாய் கீழே குந்த முடியாமல், கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளியில் உட்கார்ந்தாள்.

“செலின், டொக்டர் சொன்னதை இனி நீ வச்சிருக்க வேண்டாம். அம்மாட்டத் தா” என்றாள்.

பிள்ளை டேனிஷில் ஏதோ சொன்னது. தமிழில் சொல்லு என்றாள் தாய். மெஷின் சுற்றி ஓயும்வரை செலின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “தம்பியின்ர நெஞ்சு அடிக்கேல்லையாம் அம்மா” என்றாள்.

“ஓம்” என்றாள் இன்பமலர். “நீ சரியாச் சொல்லிப்போட்டாய். இனி அது என்ர. நானும் அப்பாவும் பாப்பம்.”

மகளை மடிக்கு இழுத்துக்கொண்டு அவள் அங்கேயே அழுதாள். நெடுநேரம் அழுதாள். செலின் அழாமல் தாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். எலியானா போய் ஈர உடுப்புகளை எடுத்துக் கொடியில் போடத் தொடங்கினாள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

நாலு மணிக்குக் கிறிஸ்துராஜா வந்தபோது நான் படியிலேயே மறித்துச் சொன்னேன். இந்த முறை எனக்கு வாய் வந்தது. அவன் பனி ஒட்டிய சப்பாத்தோடு படியில் உட்கார்ந்தான். சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்து அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே போனான். வேலை போனாலும் பரவாயில்லை, திங்கட்கிழமை தான் கூடப் போவதாக அன்றே சொல்லிவிட்டான்.

திங்கட்கிழமை என் காரில் ஐந்து பேர். செலினைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னதற்கு அவள் கேட்கவில்லை. ஆனால் டொக்டரின் அறைக் கதவில் எலியானா அவளைத் தடுத்து என் பக்கம் அனுப்பிவிட்டாள். தாதி வந்து, பிள்ளை வந்தால்தானே பேசலாம் என்றாள். எலியானா, இனிமேல் இந்தப் பிள்ளை பேசாது, தமிழ் தெரிந்த பெரிய ஆள் வேண்டும் என்றாள். அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். ஒருவர் கிடைக்கும்வரை காத்திருக்கிறோம் என்று சொல்லிக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை. யாராவது அந்த வழியால் போனால் அதே வசனத்தை அதே குரலில் திருப்பிச் சொன்னாள். பத்து வருடத்துக்கு முந்தி தன் மகனுக்காக ஒருவரிடமும் கேட்காததையெல்லாம் அன்றைக்குக் கேட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒன்றேகால் மணித்தியாலத்தில் அகதிகள் கந்தோர் மூலமாக ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேடிப் பிடித்தார்கள். தலைநகருக்குப் பக்கத்து ஊரான ஹ்விடோவ்ரேயில் இருந்த தங்கமலர் என்பவர். அவர் ரெலிபோனில் இருக்க, ரிசீவர் டொக்டரிடமிருந்து இன்பமலருக்கும், கிறிஸ்துராஜாவுக்கும், திரும்ப டொக்டருக்குமாகக் கை மாறிக்கொண்டே இருந்தது.

நடைபாதையில் செலின் என் பக்கத்தில் இருந்தாள். கால் தரையில் முட்டவில்லை. “மாமா” என்றாள். “வெள்ளிக்கிழமையே நான் சரியாச் சொல்லியிருந்தால், டொக்டர்மார் தம்பிக்கு ஏதும் செய்திருப்பினமோ?”

இல்லை என்றேன். உடனே சொன்னேன். ஆனால் அது எனக்குத் தெரியாத விஷயம் என்று அவளுக்குத் தெரியும். என்னை ஒருதரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பையன் செவ்வாய்க்கிழமை காலையில் பிறந்தான். பெற்றவர்கள் இருவரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை ஊர்த் தேவாலயத்து நிலத்தில் அடக்கம் செய்தோம். தரை இறுகிக் கிடந்ததால் குழி வெட்டுகிற டேனிஷ்காரர் முதல்நாளே வந்து பாரையால் இடித்து வைத்திருந்தார். பரீட்சைக் காலத்தில் லீவு எடுத்ததற்காகக் கிறிஸ்துராஜாவை அவனுடைய மேலதிகாரி வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அந்த மனிதர் தானே ஒரு மலர்வளையம் கொண்டுவந்து வைத்தார்.

பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்குத் தூள் போட்ட கறி கொடுக்க வேண்டும். கிறிஸ்துராஜா மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி என்று கிடைத்ததை வைத்து இடித்து ஒரு கறி வைத்தான். உறைப்பில் கண் கலங்கியது. எலியானா கோழியும் பூசணியும் சோளமும் போட்ட தன் ஊர்ச் சூப்பைப் பெரிய சட்டியில் கொண்டுவந்தாள். இன்பமலர் இரண்டையும் ஒரே கோப்பையில் கலந்து குடித்தாள். நல்லாயிருக்கு என்று டேனிஷில் எலியானாவுக்கும் தமிழில் புருசனுக்கும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எலியானா தன் மகனுக்கு ரெலிபோன் எடுத்தாள். பிறகு காரில் வரும்போது எங்களுக்கு அதைச் சொன்னாள். நீ கேட்கக் கூடாததை உன் காதால் கேட்க வைத்தேன், உன் வாயால் சொல்ல வைத்தேன், அது நான் விட்ட பிழை என்று ஸ்பானிஷில் சொன்னாளாம். அவன் ரெலிபோனை வைத்துவிட்டானோ என்று நினைத்தாளாம். பிறகு அவன், “அம்மா, எனக்கு எல்லாம் விளங்கினது” என்று ஸ்பானிஷிலேயே சொன்னானாம். அடுத்த சனிக்கிழமை ஒரு உயரமான பெடியன் கட்டட வாசலில் சைக்கிள்காரருக்கு வழி விட்டுக்கொண்டு நின்றதைக் கண்டேன். அன்றிரவு தங்கிப் போனான். பிறகு மாதத்துக்கு ஒருதரம் வந்தான்.

நடைபாதையில் செலின் கேட்டதை நான் இன்பமலரிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அவள் எலியானாவிடம் டேனிஷ் வசனம் கேட்டுப் பாடமாக்கத் தொடங்கினாள். கோழி வரிசை போகப் போக ஒரே வசனத்தை ஐம்பது தரம், அறுபது தரம் சொல்லுவாள். பின்னேர மொழி வகுப்புக்கும் பெயர் கொடுத்தாள். அவளை ஏற்றிக்கொண்டு போய் வெளியே காரில் குளிரில் காத்திருந்து அலுத்து, மூன்றாம் நாள் நானும் உள்ளே போய்ப் பின்வரிசை வாங்கில் இருந்தேன்.

ஆறு கிழமை கழித்து அவளை ஆஸ்பத்திரிக்குச் சோதனைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். பனி கரைந்து, வயலில் எரு தெளித்த மணம் கார்க் கண்ணாடியை மூடினாலும் உள்ளே வந்தது. தங்கமலரை ரெலிபோனில் ஒழுங்கு செய்து தருவதாக ஆஸ்பத்திரியில் தாங்களாகவே சொன்னார்கள். வேண்டுமென்றால் பிறகு கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் தனியாக உள்ளே போனாள். செலின் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

முக்கால் மணித்தியாலத்தால் வெளியே வந்தபோது அவளுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொன்னார் என்று கேட்டேன். பேச வேண்டாம் என்று கையைக் காட்டினாள். காரில் ஏறியும் அப்படியே. கிரின்ஸ்டெட் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் றேடியோவையும் போடவில்லை.

நாங்கள் படியேறும்போது செலின் பள்ளிக்கூடப் பையோடு வீட்டு வாசலில் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். இன்பமலர் கோட்டைக் கழற்றவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்கு நேரே நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“தெ வா இகெ தின் ஸ்குல்.”

அது உன்னுடைய பிழை இல்லை என்பது அதன் அர்த்தம். அந்த அளவு டேனிஷ் எனக்கும் அப்போது வந்திருந்தது.

செலின் தாயைப் பார்த்தபடியே நின்றாள். “டொக்டர் அப்பிடியே சொன்னவரோ?” என்று தமிழில் கேட்டாள்.

“ஓம். வெள்ளிக்கிழமைக்கு முதலே தம்பி போயிட்டாராம். அண்டைக்கு ஆர் என்ன சொல்லியிருந்தாலும், ஒருத்தராலும் ஒண்டும் செய்திருக்கேலாதாம். என்ர மகள் இதைக் கேக்கிறாள், அவளுக்கு நீங்கள் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ எண்டு கேட்டனான். மூண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டனான், நான் பிழையாக் கொண்டு வந்திடக் கூடாதெண்டு.”

செலின் தாயின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்த ஆறு கிழமையில் அவள் அழுது நான் கண்டது அன்றுதான். வாசல் கதவு இன்னும் பூட்டியபடியே இருந்தது. நான் அவளுடைய கையிலிருந்த திறப்பை வாங்கிக் கதவைத் திறந்துவிட்டு, சத்தமில்லாமல் கீழே இறங்கினேன்.